ஃபயர்பிளேஸைச் சுற்றியுள்ள டைல்களை நாமே மாற்றலாமா?

நியூ ஜெர்சியில் 1980களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் கேட்டது இது: "ஃபேமிலி ரூமில் விறகு எரிக்கும் ஃபயர்பிளேஸ் இருக்கிறது. அதைச் சுற்றி மங்கிப்போன இளஞ்சிவப்பு மார்பிள் டைல், பித்தளை நிறத்தில் கண்ணாடிக் கதவு. டைலை மாற்ற நினைக்கிறோம். பாத்ரூம் வேலைக்கு வாங்கிய டைல் பசை அரை வாளி மிச்சம் இருக்கிறது. பழைய டைல் மேலேயே புதியதை ஒட்டிவிடலாமா? ஒரு வார இறுதியில் முடியுமா? ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டுமா?"

நீங்களே செய்யலாம். அந்த அரை வாளிப் பசை மட்டும் வேண்டாம். பழைய டைல் மேல் ஒட்டவும் வேண்டாம். ஒரு வார இறுதி போதாது, இரண்டு வேண்டும். அதற்குப் பிறகும் சில நாள் தீ மூட்டாமல் பொறுத்திருக்க வேண்டும்.

பாத்ரூம் சுவரில் டைல் ஒட்டத் தெரிந்தவருக்கு இங்கே கைவேலையில் புதிதாக ஒன்றும் இல்லை. பாத்ரூமில் நாம் பயப்படுவது தண்ணீருக்கு, இங்கே சூட்டுக்கு. டைல் சூட்டைத் தாங்கிவிடும், அது சூளையிலிருந்து வந்த பொருள். அதன் பின்னால் இருக்கும் பலகை, அதை ஒட்டும் பசை, பக்கத்தில் இருக்கும் மரம், இந்த மூன்றையும்தான் முதலில் யோசிக்க வேண்டும். டைலின் நிறம் கடைசியில்.

முதல் வேலை, உங்களுடையது எந்த வகை ஃபயர்பிளேஸ் என்று கண்டுபிடிப்பது. இதைச் செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். 1980களில் வரிசையாகக் கட்டி விற்ற வீடுகளில் இரண்டு வகையும் இருக்கும். ஒன்று, உண்மையிலேயே செங்கல் வைத்துக் கட்டியது. இன்னொன்று, தொழிற்சாலையில் செய்த உலோகப் பெட்டியை மரச்சட்டத்துக்குள் பொருத்தி, முன்னால் டைல் ஒட்டி மறைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

கதவைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நான்கு பக்கமும் தனித்தனிச் செங்கல், நடுவே சாந்து, மேலே புகை போகும் வழியும் செங்கல் என்றால் அது கட்டிய அடுப்பு. உள்ளே செங்கல் மாதிரி அச்சு போட்ட பெரிய பலகைகள், மேலே தகடு, திறப்பைச் சுற்றிக் கறுப்புத் தகடு, மேலோ கீழோ காற்றுப் போக நீளமான இடுக்குகள் என்றால் அது பெட்டி. சந்தேகம் இருந்தால் வெளியே போய்க் கூரையைப் பாருங்கள். செங்கல் புகைபோக்கிக்குப் பதிலாக, மரப்பலகையோ வினைல் சைடிங்கோ போர்த்திய கூண்டு, அதன் உச்சியில் உருண்டையான உலோகக் குழாய் என்றால் முடிவு தெரிந்துவிட்டது.

பெட்டி என்றால் அதன் மாடல் எண் வேண்டும். திறப்பின் உள்பக்கம், கம்பி வலைத் திரைக்குப் பின்னால், அல்லது கீழ் இடுக்குக்கு உள்ளே ஒரு சின்ன உலோகப் பட்டை இருக்கும். அதில் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் உண்டு. அதை வைத்துக் கையேட்டை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். பெட்டி வகைகள் யூஎல் 127 என்ற தரத்தின்படி சோதிக்கப்பட்டவை. எந்த இடைவெளியோடு அந்தச் சோதனை நடந்ததோ, அதே இடைவெளியோடு இருந்தால்தான் அது பத்திரமானது. மரச்சட்டம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், எரியாத பொருள் எதுவரை வர வேண்டும், கறுப்புத் தகட்டின் மேல் டைல் ஏறலாமா கூடாதா, எல்லாம் அந்தக் கையேட்டில் படம் போட்டு இருக்கும். ஒரு மாடலுக்குச் சரியானது பக்கத்து வீட்டு மாடலுக்குத் தவறாக இருக்கலாம்.

இங்கே பலரும் ஆசைப்பட்டுச் செய்யும் வேலை ஒன்று உண்டு. கறுப்புத் தகடு அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் சேர்த்து டைலால் மூடிவிடுவார்கள். காற்று இடுக்கு அடைபட்டால் பெட்டியைச் சுற்றிக் குளிர்விக்கும் காற்று ஓடாது. சூடு உள்ளேயே தங்கி, கண்ணுக்குத் தெரியாத மரச்சட்டத்தை வருடக்கணக்கில் வறுத்துக்கொண்டிருக்கும். இப்படி நெடுநாள் சூடுபட்ட மரம், புது மரத்தை விடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். தகடு பிடிக்கவில்லை என்றால், 1200 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்கும் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் ஹோம் டிப்போவிலேயே கிடைக்கிறது. உங்கள் பித்தளை நிறக் கதவுச் சட்டத்துக்கும் அதே மருந்துதான். கழற்றி வெளியே எடுத்துப் போய், கண்ணாடியை மறைத்து, லேசாக உப்புத்தாள் தேய்த்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். சில வீடுகளில் இதைச் செய்ததும் டைல் மாற்றும் எண்ணமே போய்விடும். அவ்வளவு மாற்றம் தெரியும்.

செங்கல் கட்டிய வகை என்றால் கையேடு கிடையாது, கட்டட விதிதான். பெரும்பாலான மாநிலங்கள் ஐஆர்சி என்ற குடியிருப்புக் கட்டட விதித் தொகுப்பை அப்படியேயோ சில மாற்றங்களோடோ பின்பற்றுகின்றன. நியூ ஜெர்சிக்கும் அதன் பதிப்பு ஒன்று உண்டு. அதில் உங்களுக்கு வேண்டியது இரண்டு கணக்கு.

முதலாவது, தீக்கு முன்னால் தரையில் இருக்கும் எரியாத பகுதி, அதாவது ஹார்த். திறப்பின் பரப்பு 6 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் முன்னால் 16 அங்குலமும், இரண்டு பக்கமும் 8 அங்குலமும் நீள வேண்டும். 6 சதுர அடியோ அதற்கு மேலோ என்றால் முன்னால் 20, பக்கங்களில் 12. உங்கள் திறப்பு 36 அங்குல அகலம், 28 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1008 சதுர அங்குலம், அதாவது சரியாக 7 சதுர அடி. ஆகவே ஹார்த் 60 அங்குல அகலமும் 20 அங்குல ஆழமும் வேண்டும். ஹால் பெரிதாகத் தெரியட்டும் என்று ஹார்த்தைக் குறுக்கி அந்த இடத்துக்கும் மரத்தரை போடும் யோசனை யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எரிகிற கட்டையிலிருந்து பொறி தெறிக்கும் தூரம் அது.

இரண்டாவது, மேன்டல் மரம், அதாவது திறப்புக்கு மேலேயும் பக்கத்திலும் இருக்கும் அலங்கார மரச்சட்டமும் ஷெல்ஃபும். திறப்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் வரக் கூடாது. திறப்புக்கு நேர் மேலே 6 முதல் 12 அங்குலத்துக்குள் இருந்தால், தள்ளியிருக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் எட்டில் ஒரு அங்குலம் மட்டுமே முன்னால் துருத்தலாம். திறப்புக்கு 8 அங்குலம் மேலே மேன்டலின் மரப்பட்டை தொடங்கினால் அது 1 அங்குலத்துக்கு மேல் வெளியே வரக் கூடாது. பக்கத்தில் இருக்கும் மரக்கால் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் துருத்தினால், துருத்தும் அளவுக்கு அந்த 6 அங்குலத்தோடு கூடுதலாகத் தள்ளி இருக்க வேண்டும். மேலே இருக்கும் ஷெல்ஃப் 7 அங்குலம் துருத்துகிறது என்றால் அது 12 அங்குலத்துக்கு மேலே இருந்தாக வேண்டும். பழைய டைலைப் பெயர்த்த பிறகு, "இந்த மேன்டலையும் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தால் அழகாக இருக்குமே" என்று தோன்றும். தோன்றினால் டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டு யோசியுங்கள்.

கேஸ் ஃபயர்பிளேஸ் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் எரியும் கேஸ் வகையில் கண்ணாடி மிகக் கடுமையாகச் சூடாகும். 172 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாகும் கண்ணாடிக்கு முன்னால் பாதுகாப்புத் திரை இருக்க வேண்டும் என்பது 2015 முதல் தயாரான மாடல்களுக்கு அமெரிக்காவில் விதி. டைல் வேலையில் இது எங்கே வருகிறது என்றால், பலகை, பசை, டைல் மூன்றும் சேர்ந்து முன்பிருந்ததை விடத் தடிப்பாகிவிட்டால் திரை உட்காராது, கண்ணாடியைக் கழற்றவும் முடியாது. வருடா வருடம் சர்வீஸ் செய்ய வருபவர் உங்களைத் திட்டுவார். ஆகவே தடிப்பை முதலிலேயே கூட்டிப் பாருங்கள். கேஸ் குழாயை நகர்த்த வேண்டியிருந்தால் அது லைசென்ஸ் உள்ள பிளம்பர் வேலை, நம் வேலை அல்ல.

விறகு அடுப்பு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு கை மாறும்போது புகைபோக்கியை "லெவல் 2" என்ற அளவில் கேமரா விட்டுப் பரிசோதிக்கச் சொல்கிறது, அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 211 தரம். வாங்கும்போது வந்த பொதுவான ஹோம் இன்ஸ்பெக்டர் இதைச் செய்திருக்க மாட்டார். டைலுக்குக் காசு போடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். உள்ளே விரிசல் இருந்து, முன்பக்கத்தை உடைத்துத்தான் சரி செய்ய வேண்டும் என்று வந்தால், உங்கள் புது டைல் எல்லாம் குப்பைக்குப் போகும்.

சரி, உடைக்கிற வேலைக்கு வருவோம். பழைய டைல் மேலேயே ஒட்டக் கூடாதா என்று கேட்டீர்கள். உறுதியாகப் பிடித்திருக்கும் டைல் மேல் டைல் ஒட்டலாம் என்பது பொதுவாக உண்மைதான். இங்கே நான் வேண்டாம் என்பதற்குக் காரணம், பழைய டைல் எதன் மேல், எதை வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்து பில்டர்கள் பலர் சாதாரண டிரைவால் மேல் வாளிப் பசையால் ஒட்டிவிட்டுப் போனார்கள். டிரைவால் ஜிப்சம்தான், ஆனால் இரண்டு பக்கமும் காகிதம். பெரும்பாலான கையேடுகள் அதை எரியக்கூடிய பொருளாகவே கணக்கில் எடுக்கின்றன. அதன் மேல் இன்னொரு அடுக்கு ஏற்றினால் பழைய தவறைப் புது டைலால் போர்த்துவதாகத்தான் ஆகும். தடிப்பும் கூடி, டைல் மேன்டல் மரத்தை விட முன்னால் வந்து நிற்கும். பார்க்கச் சகிக்காது.

உடைக்கும் முன் ஒன்று. வீடு 1980க்கு முன்போ அந்தச் சமயத்திலோ கட்டியது என்றால், டைலுக்குப் பின்னால் உள்ள பசையிலும் பலகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு மூலையில் தண்ணீர் தெளித்து நனைத்து, சின்னத் துண்டு எடுத்து, ஜிப் பையில் போட்டு அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்புங்கள். செலவு அதிகம் இல்லை. முடிவு வரும்வரை தட்டாதீர்கள். 1978க்கு முந்தைய வீடுகளில் மேன்டல் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தை தவழும் வீட்டில் இந்த இரண்டிலும் சமரசம் கிடையாது.

பரிசோதனை சரி என்றால் தரையைத் தடித்த அட்டையால் மூடுங்கள். புகைபோக்கியின் டேம்பரை, அதாவது புகைவழியை மூடும் தகட்டைச் சாத்தி, திறப்பைப் பிளாஸ்டிக் ஷீட்டால் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் கரியும் தூசியும் சேர்ந்து வீடு முழுக்கப் பறக்கும். டைலுக்கும் மேன்டல் மரத்துக்கும் நடுவே இடுக்கை அடைக்கும் பழைய கால்க் பசை இருக்கும், அதைக் கத்தியால் அறுத்துவிடுங்கள். அறுக்காமல் நெம்பினால் மரத்தின் பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வரும். அப்புறம் ஒரு ஓரத்திலிருந்து உளி வைத்துத் தட்டிக்கொண்டே போங்கள். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம், உடைந்த டைலின் விளிம்பு பிளேடு போல இருக்கும். டிரைவால் சேர்ந்தே பெயர்ந்து வந்தால் வருத்தப்பட வேண்டாம், எப்படியும் அதை எடுக்கத்தான் போகிறோம்.

அந்த இடத்தில் வர வேண்டியது சிமென்ட் போர்டு. எல்லா சிமென்ட் போர்டும் ஒன்றல்ல. கனம் குறைய வேண்டும் என்று உள்ளே தெர்மோகோல் மணி கலந்தவையும் சந்தையில் உண்டு. பொருளின் தகவல் தாளில் ஏஎஸ்டிஎம் ஈ136 சோதனையில் தேறியது, எரியாதது என்று இருக்கிறதா பாருங்கள். அதற்கென்றே விற்கும் ஸ்குரூவால் சுமார் 8 அங்குலத்துக்கு ஒன்றாக முடுக்குங்கள். டிரைவால் ஸ்குரூவின் தலை சிமென்ட் போர்டில் ஒடிந்துவிடும். இரண்டு போர்டுகளுக்கு நடுவே எட்டில் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, சிமென்ட்டைத் தாங்கும் கண்ணாடியிழை வலை டேப்பை ஒட்டி, தின்செட் என்ற சிமென்ட் பசையால் இழுத்து நிரப்புங்கள்.

செங்கல் முகப்பு வீட்டில் கதை வேறு. செங்கல் நல்ல அடித்தளம், சூட்டுக்கும் பயமில்லை, ஆனால் அது சமமாக இருக்காது. மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் இங்கே மேடு, அங்கே பள்ளம். கரியை டிஎஸ்பி (ட்ரைசோடியம் பாஸ்பேட்) என்ற சுத்தம் செய்யும் தூள் கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, தின்செட்டையே மெல்லிய பூச்சாக இழுத்துச் சமப்படுத்திக்கொள்ளலாம். செங்கல்லுக்கு யாராவது பெயின்ட் அடித்து வைத்திருந்தால்தான் தலைவலி. தின்செட் பெயின்ட்டைப் பிடிக்கும், பெயின்ட் செங்கல்லைப் பிடிக்காது. சூடு ஏற ஏற மொத்தமும் தோலாக உரிந்து வரும். பெயின்ட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது சிமென்ட் போர்டைக் கான்கிரீட் ஸ்குரூ போட்டுச் செங்கல்லோடு இறுக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஒரே மணி நேரத்தில் தட்டையான முகம் கிடைத்துவிடும்.

இப்போது அந்த அரை வாளிப் பசை. திறந்தால் தயிர் போலக் கெட்டியாக, கலக்கத் தேவையின்றி இருக்கிறதே, அதற்கு மாஸ்டிக் என்று பெயர். அது சிமென்ட் அல்ல. சுமார் 140 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டினால் இளகும். ஃபயர்பிளேஸ் விளிம்பில் அந்தச் சூடு சாதாரணம். குளிர்காலத்தில் நன்றாகத் தீ எரியும் ஒரு ராத்திரியில் மேல் வரிசை டைல் ஒவ்வொன்றாக நழுவும். தூளாக வரும், தண்ணீர் விட்டுக் கலக்கும் போர்ட்லண்ட் சிமென்ட் தின்செட்தான் இங்கே வேண்டும். 25 பவுண்டு மூட்டை போதும்.

"ஊரில் கொத்தனார் சிமென்ட் பால் ஊற்றித்தானே ஒட்டுகிறார், நானும் சிமென்ட்டையே கலந்து ஒட்டட்டுமா?" என்று இன்னொருவர் முன்பு கேட்டார். ஊரில் ஒட்டுவது ஈரச் செங்கல் சுவரில், தடித்த சாந்துப் படுகையின் மேல், தண்ணீரில் ஊறப்போட்ட டைலை. இங்கே இருப்பது உலர்ந்த போர்டும், தண்ணீரையே உறிஞ்சாத போர்சிலீன் டைலும். வெறும் சிமென்ட் பாலில் இருக்கும் தண்ணீரை போர்டு குடித்துவிடும், டைல் பக்கம் பிடிப்பே வராது. தின்செட்டில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் பொருளும் பாலிமரும் கலந்திருப்பது இதற்காகத்தான்.

தீ எரியும் குழியான ஃபயர்பாக்ஸுக்கு உள்ளே எந்தத் தின்செட்டும் எந்த டைலும் வேண்டாம். அங்கே தீச்செங்கல்லும் அதற்கான சூளைச் சாந்தும் மட்டும். இது பேரம் பேசும் விஷயம் அல்ல.

டைல் தேர்வில் என் கட்சி போர்சிலீன். தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு என்பதால் கரி உள்ளே இறங்காது, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். சாதாரண செராமிக்கும் பரவாயில்லை. கிரானைட், ஸ்லேட் எல்லாம் சூட்டைத் தாங்கும். ஸ்லேட்டில் மட்டும் மலிவான ரகம் ஏடு ஏடாக உரியும். வெள்ளை மார்பிள் அழகுதான், ஆனால் விறகு எரிக்கும் அடுப்பைச் சுற்றி வைத்தால் கரிக்கறை குடித்துக்கொள்ளும். உங்கள் பழைய டைல் மங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கும். கண்ணாடி டைல் ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர் என்று வந்தால் விரிசல் விடக்கூடும், உற்பத்தியாளர் எழுதித் தந்திருந்தால் ஒழிய வாங்காதீர்கள். பின்னால் தாளை உரித்து ஒட்டும் வினைல் டைலைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

விலையைப் பார்த்து ரொம்பத் தயங்காதீர்கள், பரப்பு சின்னது. 36க்கு 28 திறப்பைச் சுற்றி இரண்டு பக்கமும் 8 அங்குலம், மேலே 10 அங்குலம் என்றால் முகப்பு ஏழு சதுர அடிகூட வராது. ஹார்த் 60க்கு 20 என்றால் எட்டே கால் சதுர அடிக்குச் சற்று மேல். மொத்தம் சுமார் 15. வெட்டிக் கழியும் துண்டுகளுக்குச் சேர்த்து 18 சதுர அடி வாங்கினால் போதும். சதுர அடி 5 டாலர் டைலுக்கும் 20 டாலர் டைலுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் 270 டாலர். பாத்ரூம் முழுக்க ஒட்டக் கட்டுப்படியாகாத டைலை இங்கே ஒட்டலாம். வீட்டுக்கு வருகிற எல்லோரும் உட்கார்ந்து பார்க்கப்போகும் இடம் இது.

அதனாலேயே எந்த டைல் எங்கே வரும் என்று குறிப்பதில் அவசரப்படாதீர்கள். இந்த வேலையின் அழகு முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரு பசையும் கலக்காமல் எல்லா டைலையும் தரையில் அடுக்கிப் பாருங்கள். நம் கணக்கில் முகப்பின் அகலம் 52 அங்குலம், டைல் 12 அங்குலம் என்று எடுத்துக்கொள்வோம். திறப்பின் நடுக்கோட்டில் இரண்டு டைல்களின் இணைப்பு வருமாறு தொடங்கினால், ஒரு பக்கத்துக்கு இரண்டு முழு டைல், ஓரத்தில் 2 அங்குலக் கீற்று. அந்தக் கீற்றைப் பார்த்தாலே பழக்கமில்லாத கை என்று தெரிந்துவிடும். அதையே நடுக்கோட்டில் ஒரு டைலின் மத்தி வருமாறு நகர்த்துங்கள். திறப்புக்கு மேலே மூன்று முழு டைல், இரண்டு ஓரத்திலும் 8 அங்குலத் துண்டு. பக்கக் கால்களின் அகலமும் 8தான் என்பதால் மேலிருந்து கீழ்வரை இணைப்புக் கோடு ஒரே நேராக ஓடும். டைல் அதேதான், தொடங்கிய இடம்தான் வேறு. உங்கள் அளவுகள் இவ்வளவு ஒத்துழைக்காமல் போகலாம். அப்போது சின்ன டைலுக்கு மாறுங்கள், அல்லது முகப்பை அரை அங்குலம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். காகிதத்தில் வரைந்து பார்க்க ஒரு சாயங்காலம் செலவானால் பரவாயில்லை.

நான் ஹார்த்தை முதலில் ஒட்டுவேன். மறுநாள் அதன் மேல் தடித்த அட்டை போட்டு மூடிவிட்டு முகப்பைத் தொடங்கலாம், பக்கக் கால்களின் டைல்கள் ஹார்த் டைலின் வெட்டு விளிம்பை மறைத்துவிடும். ஹார்த்துக்கும் ரூமின் மரத்தரைக்கும் நடுவே கால் அங்குலம் விடுங்கள், மரம் பருவத்துக்குப் பருவம் விரியும், சுருங்கும்.

தின்செட்டை மூட்டையில் போட்ட அளவுத் தண்ணீரில் கலந்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி கலக்குங்கள். கரணையில் எடுத்துச் சாய்த்தால் வழியக் கூடாது. கெட்டியானால் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள், கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பல் வைத்த கரணையால் ஒரே திசையில் கோடு இழுங்கள். டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, கோட்டுக்குக் குறுக்கே சற்று அசைத்து அழுத்துங்கள். முதல் டைலை உடனே பெயர்த்துப் பாருங்கள். முதுகில் ஐந்தில் நான்கு பங்காவது தின்செட் பிடித்திருக்க வேண்டும், கல் என்றால் கிட்டத்தட்ட முழுக்க. வெற்றிடம் இருந்தால் அங்கே சூடு சீராகப் பரவாது, தட்டினால் பொள்ளல் சத்தம் வரும்.

திறப்புக்கு மேலே வரும் டைல்களுக்குக் கீழே தாங்க ஒன்றும் இல்லை. திறப்பின் மேல் விளிம்புக்குச் சமமாக ஒரு நேரான பலகையை, ரசமட்டம் பார்த்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள். அதன் மேல் உட்காரவைத்து ஒட்டி, மறுநாள் பலகையை எடுங்கள். திறப்பின் விளிம்பில் டைலின் வெட்டிய பக்கம் தெரியாமல் இருக்க உலோகப் பட்டை வைக்கலாம். கடையில் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பட்டையும் தொங்கும், விலையும் பாதிதான். அது பாத்ரூமுக்கு.

டைல்களுக்கு நடுவே நிரப்பும் கிரவுட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடைவெளி எட்டில் ஒரு அங்குலத்துக்குக் குறைவு என்றால் மணல் இல்லாதது, அதற்கு மேல் என்றால் மணல் கலந்தது. சிமென்ட் கிரவுட்டாக இருக்கட்டும், எப்பாக்ஸி வேண்டாம். விறகு அடுப்பு என்பதால் நிறம் சாம்பலோ அதற்கும் கருமையோ வாங்குங்கள்.

கிரவுட் போடக் கூடாத இடங்களைத்தான் நினைவில் வைக்க வேண்டும். டைலுக்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே, முகப்பும் ஹார்த்தும் சந்திக்கும் மூலையில், டைலும் மேன்டல் மரமும் தொடும் கோட்டில். இவை ஒவ்வொன்றும் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும். தகடு டைலை விட வேகமாக விரிந்து, இடம் இல்லாவிட்டால் டைலைத் தள்ளிச் சில்லு பெயர்க்கும். எட்டில் ஒரு அங்குலம் விட்டு, தகட்டுப் பக்கம் அதிகச் சூடு தாங்கும் சிலிக்கோன், மற்ற இடங்களில் கிரவுட் நிறத்திலேயே கிடைக்கும் சாதாரண சிலிக்கோன்.

முனிசிபாலிட்டி அனுமதி, டைல் மட்டும் மாற்றுவதற்குப் பொதுவாகத் தேவைப்படாது. திறப்பின் அளவையோ, கேஸ் குழாயையோ, மேன்டலின் மரச்சட்டத்தையோ தொட்டால் கேட்க வேண்டும். உங்கள் ஊர் கட்டட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள்.

மேலே டிவி மாட்டும் எண்ணமும் இருக்கும் என்று ஊகிக்கிறேன், நம் ஆட்கள் வீட்டில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பல டிவிகள் 104 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான சூழலுக்குத்தான் தயாரிக்கப்பட்டவை. மாட்டுவதற்கு முன், டிவி வரும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை ஒட்டி, நன்றாகத் தீ வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் படியுங்கள். அதற்கு மேல் காட்டினால் வேறு சுவர் பாருங்கள்.

இந்தச் சோதனையை டைல் ஒட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், ஏனென்றால் ஒட்டிய பிறகு கொஞ்ச நாள் தீ கிடையாது. சிமென்ட் தன் முழு வலுவை அடைய 28 நாள் ஆகும். அவ்வளவு காத்திருக்கச் சொல்லவில்லை, தின்செட் மூட்டையிலும் கிரவுட் பையிலும் போட்ட நாள் கணக்கைப் பாருங்கள், குறைந்தது ஒரு வாரமாவது விடுங்கள். ஈரம் உள்ளே இருக்கும்போது சூடேற்றினால் அது ஆவியாகித் தப்பிக்க வழி தேடும், பிடிப்பு விட்டுப்போகும். முதல் தீ சின்னதாக, அரை மணி நேரம். அடுத்தது கொஞ்சம் பெரிதாக. இதற்காகத்தான் வேலையை வசந்தத்திலோ கோடையிலோ வைத்துக்கொள்ளச் சொல்வேன். நவம்பரில் தொடங்கினால் முதல் குளிரிலேயே யாராவது கட்டையைப் பற்றவைத்துவிடுவார்கள்.

இரண்டு மூன்று தீக்குப் பிறகு மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். ஹார்த் சந்திக்கும் கோட்டில் மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தால் அங்கே சிலிக்கோனுக்குப் பதில் கிரவுட் போயிருக்கிறது. கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு சிலிக்கோன் வையுங்கள், அரை மணி நேர வேலை. ஒரு டைலின் நடுவிலேயே விரிசல் என்றால் தீயை நிறுத்திவிட்டு, அதை மட்டும் பெயர்த்துப் பின்னால் பலகை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அதற்காகவே மிச்ச டைல் நாலைந்தைக் கராஜில் எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் அதே நிறத்தில் கடையில் கிடைக்காது.